எச்எச்ஓ டிரை செல் (தண்ணீரை மின்சாரத்தால் ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் கேஸாகப் பிரித்து இன்ஜினுக்கு அனுப்பும் அமைப்பு) அரை மணி நேரத்தில் கொதிக்கிறது. ஃபேன் வைத்தால் போதுமா? (மின்கம்பி, டைனமோ, வால்வு: பேசுபவர்களின் புனைபெயர்கள்.)

மின்கம்பி:
800 சிசி பெட்ரோல் கார். 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிளேட் மொத்தம் 5: ஓரங்களில் ப்ளஸ், மைனஸ், நடுவில் வயர் கொடுக்காத 3 நியூட்ரல். 2 லிட்டர் பிவிசி டாங்க், காஸ்டிக் பொட்டாஷ் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கரைசல். கிளப்பும்போது 15 ஆம்பியர்தான் இழுக்குது, அரை மணியில 28க்கு ஏறிடுது. 30 ஆம்பியர் ஃபியூஸ் ரெண்டு தடவை போயிடுச்சு. டாங்கில் கை வைக்க முடியலை, கேஸ் ஹோஸில் தண்ணி கோத்து நிக்குது. ஃபேனோட கம்ப்யூட்டர் ரேடியேட்டர் ஒண்ணு போடலாமான்னு யோசனை.

டைனமோ:
ஃபேன் அப்புறம், முதல்ல பிளேட் கணக்கைப் பாருங்க. 5 பிளேட்டுக்கு 4 இடைவெளி. 13.8 வோல்ட்டை நாலாகப் பிரிச்சா ஒரு இடைவெளிக்கு 3.45. தண்ணீரைப் பிரிக்க 1.48 வோல்ட் போதும், மிச்சம் 1.97 அத்தனையும் சூடு. 15 ஆம்பியரில் 118 வாட், 28 ஆம்பியரில் 220 வாட். 25 வாட் சால்டரிங் அயர்ன் ஒன்பதை டாங்குக்குள் முக்கி வச்ச மாதிரி.

இன்னும் 2 நியூட்ரல் சேருங்க. 7 பிளேட், 6 இடைவெளி, தலைக்கு 2.3 வோல்ட். அதே 15 ஆம்பியரில் சூடு 74 வாட்டாக இறங்கும், கேஸ் ஒன்றரை மடங்காகும்.

ஆம்பியர் தானா ஏறுறதுக்குக் காரணம், கரைசல் சூடாக ஆக மின்சாரத்தை நல்லாக் கடத்தும். கடத்தினா இன்னும் சூடு. இந்தச் சுழலை அறுக்க, கரன்ட் லிமிட் உள்ள பிடபிள்யூஎம் (கரன்ட்டை வேகமா விட்டு விட்டுக் கொடுத்துக் கட்டுப்படுத்துற சர்க்யூட்) வேணும். ஆம்பியரை அளக்காத சாதா பிடபிள்யூஎம் இதுக்கு உதவாது. ஃபியூஸை மட்டும் தயவுசெஞ்சு பெரிசாக்காதீங்க.

நியூட்ரல் பிளேட் ஓட்டைகளையும் பாருங்க. நேர்க்கோட்டில் பெரிசா இருந்தா, கரன்ட் பிளேட்டைத் தாண்டி ஓட்டை வழியா ஓடி வெறும் சூடாகும். 6 மில்லிமீட்டர் ஓட்டை, ஒரு பிளேட்டில் இடம், அடுத்ததில் வலம்னு மாத்தி மாத்திப் போடணும்.

வால்வு:
கம்ப்யூட்டர் ரேடியேட்டர் வேண்டவே வேண்டாம் நண்பரே. பெரும்பாலும் அலுமினியம்தான். பொட்டாஷ் அதைத் தின்னுடும், தின்னும்போது ஹைட்ரஜனும் கிளம்பும். குளிரூட்டணும்னா ஸ்டெயின்லெஸ் சுருள் குழாய். பிவிசி டாங்கும் 60 டிகிரிக்கு மேல் தொய்ஞ்சு போகும், எச்டிபிஈ (கெட்டி பாலித்தீன்) டாங்க் போடுங்க. எக்ஸாஸ்ட் பக்கம் வைக்காம, முன் கிரில்லுக்குப் பின்னால், செல்லைவிட உயரத்தில் டாங்க் இருக்கட்டும். குமிழி மேலே போற வேகத்திலேயே கரைசல் சுத்தி வரும், பம்ப் தேவையில்லை.

ஹோஸில் நிக்கிற தண்ணி நீராவி. 60 டிகிரியில் வர்ற கேஸில் ஐந்தில் ஒரு பங்கு ஆவி, 80ல் கிட்டத்தட்டப் பாதி. ஒரு இடைவெளிக்கு, ஒரு ஆம்பியருக்கு, நிமிஷத்துக்குச் சுமார் 11 மில்லிதான் நிஜக் கேஸ். உங்க செட்டில் 15 ஆம்பியருக்கு 660 மில்லி. தண்ணி நிரப்பின பாட்டிலைத் தண்ணியில கவுத்து, கேஸைப் பிடிச்சு அளந்து அதுக்கு மேல காட்டினா, கூடுதல் முழுக்க ஆவி.

ஆவியோட பொட்டாஷ் துளியும் போகும், த்ராட்டில் பாடியை அரிக்கும். பப்ளர் (கேஸ் குமிழியாக் கடந்து போற தண்ணி பாட்டில்) தண்ணியில ஒரு சொட்டை மஞ்சள் தடவின தாளில் விடுங்க. குங்கும நிறமானா பொட்டாஷ் வந்திருக்கு, தண்ணியை மாத்துங்க. பப்ளருக்கு அப்புறம், இன்ஜின் பக்கத்துத் தீ ஹோஸ் வழியாத் திரும்பி வராமத் தடுக்கிற ஃப்ளாஷ்பேக் அரெஸ்டர் கட்டாயம்.

மின்கம்பி:
7 பிளேட்டா மாத்திடறேன் அண்ணே. சூடு கட்ஆஃப் எப்படிக் கொடுக்கறது? மைலேஜும் கூடுமா?

டைனமோ:
60 டிகிரியில் திறக்கிற தெர்மல் ஸ்விட்சை டாங்கில் ஒட்டி, செல்லுக்குப் போற கரன்ட்டைத் திறந்து மூடுற 40 ஆம்பியர் ரிலேயின் காயிலோட சீரியஸில் போடுங்க. காயிலுக்கு ஃப்யூயல் பம்ப் ரிலேயிலிருந்து சப்ளை எடுங்க, இக்னிஷனிலிருந்து வேண்டாம். இன்ஜின் நின்னா கேஸும் நிக்கணும்.

மைலேஜ் கூடாது, நேராவே சொல்லிடறேன். 7 பிளேட் செட்டில் 15 ஆம்பியருக்கு 207 வாட் போகுது, கேஸில் திரும்பக் கிடைக்கிறது 133 வாட். ஆல்டர்னேட்டர், இன்ஜின் இழப்பைச் சேர்த்தா அந்த 207க்கு ஒன்றரை கிலோவாட் பெட்ரோல் எரியும். பரிசோதனையா, திறந்த இடத்தில், பெஞ்சில் வச்சு ஓட்டிப் பாருங்க. ரோட்டில் போற வண்டியில் மாற்றம் பண்ண மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவும் குறுக்கே நிக்கும்.

வால்வு:
புது செல்லுக்குக் கரைசலை நீர்க்கவே தொடங்குங்க. டிஸ்டில்ட் வாட்டர் லிட்டருக்கு 10 கிராம் பொட்டாஷ். தண்ணியில பொட்டாஷைப் போடணும், பொட்டாஷ் மேல தண்ணி ஊத்தக் கூடாது. கண்ணாடி, கையுறை வேணும். ஒரு மணி நேரம் ஓட்டி, சூடான பிறகு டிசி கிளாம்ப் மீட்டரில் (வயரைச் சுத்திப் பிடிச்சு ஆம்பியர் அளக்கிற மீட்டர்) பாருங்க. 15க்குக் கீழே இருந்தா மட்டும் இன்னொரு 5 கிராம். ஆறின நிலையில் 15க்கு வச்சா மறுபடி 28தான்.