தேயிலைக் கொழுந்து வாசம் பட்டால் உங்களுக்கும் இப்படி ஆகுமா?

மஸ்கெலியா பையன்:
போன மாசம் லீவுக்கு ஊருக்கு வந்தேன். பஸ், ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலை முடக்கில் திரும்பியதும் கொழுந்து வாடுகிற வாசம் ஜன்னல் வழியாக அடித்தது, அவ்வளவுதான், பொலபொலவென்று கண்ணீர். அம்மா ஸ்டோரில் இரவு வேலை முடித்து வந்து பக்கத்தில் படுக்கும்போது தலைமுடியில் இதே வாசம்தான் இருக்கும். அம்மா போய் இரண்டு வருஷம். கண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, வாந்தி வருதா?" என்று ஒரு ஷொப்பிங் பேக்கை நீட்டினார். நானும் வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

மலைக்காரி:
வாசமாம் வாசம். ஸ்டோருக்குள்ளே மணக்கும் தம்பி, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வந்து நின்று பாருங்கள். மழையில் நனைந்த கொழுந்து, ஈரச் சாக்கு, அட்டை கடிக்காமல் காலில் பூசிய சவர்க்காரம், எல்லாம் சேர்ந்து ஒரு நாற்றம். ஒரு நாள் தண்ணீர்க் கழிவு என்று கிலோ கிலோவாக வெட்டி, கடைசியில் எனக்கு அரைப் பேர்தான், அரை நாள் சம்பளம்தான், போட்டார்கள். தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கும் ஈரச் சாக்கு மணந்தால் வயிற்றைப் பிசையும், அன்றைக்குச் சோறு இறங்காது.

பண்டாரவளை அண்ணன்:
இரண்டு பேர் சொல்வதும் சரிதான். மற்றப் புலன்களின் செய்தி மூளைக்குள்ளே தலாமஸ் என்ற இடைநிலையம் வழியாகத்தான் போகும், மணம் மட்டும் அங்கே நிற்காமல் உணர்ச்சியும் ஞாபகமும் இருக்கும் பகுதிகளுக்கு நேரே போய்விடும். அதனால்தான் யோசிக்கும் முன்பே அழுகை வருகிறது. மணத்தை மூக்கு எப்படிப் பிடிக்கிறது என்று கண்டுபிடித்ததற்கு 2004இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். எங்கள் ஊவாப் பக்கம் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை வரும் தேயிலையில் ஒரு தைல வாசம் இருக்குமே, அது மெத்தில் சாலிசிலேட், நோவுக்குப் பூசும் தைலங்களிலும் அதுதான் இருக்கிறது. என் கதை சின்னது. கொரோனாவில் மூக்கு செத்துப்போனது. கேஸ் கசிந்தது கூடத் தெரியாமல் நான் தேங்காய் துருவிக்கொண்டிருக்க, பக்கத்து வீட்டு அக்கா கத்திக்கொண்டு ஓடி வந்தார். அப்படி மணம் போனவர்கள் கராம்பு, எலுமிச்சை, ரோஜா, யூக்கலிப்டஸ் நாலையும் காலை மாலை இருபது வினாடி வீதம் முகருங்கள், மூன்று மாதமாவது விடாமல். அப்புறம் தைலம் பூசினால் மூக்கு திறந்தது போல இருக்கும், உண்மையில் திறப்பதில்லை, அதிலுள்ள மெந்தோல் குளிர்ச்சியைக் காட்டி ஏமாற்றுகிறது. இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கற்பூரம் கலந்த தைலத்தைப் பூசவே வேண்டாம், யூக்கலிப்டஸ் எண்ணெயை ஒரு சொட்டுக் கூடக் குடிக்கக் கொடுக்காதீர்கள்.

மலைக்காரி:
அண்ணே, தைலத்தைப் பற்றி இங்கே யார் கேட்டது?

மஸ்கெலியா பையன்:
அக்கா, அம்மாவும் ஸ்டோருக்குப் போகும் முன் மலையில்தான் கொழுந்து எடுத்தார். மடுவத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பெரியம்மாவிடம்தான் கேட்க வேண்டும்.