நிழல் இடத்தில் வருஷக்கணக்கில் பூக்கிற செடி எது வைக்கலாம்?

தாம்பரம்வாசி:
வணக்கம். எங்கள் வீட்டுக்கு வடக்குப் பக்கம், சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் நாலடி அகலத்துக்கு மண் தரை இருக்கிறது. பின்னால் ஒரு பெரிய மாமரம். இரண்டுமே நிழல்தான். மூன்று வருஷமாக ரோஜா, குண்டுமல்லி, செம்பருத்தி என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டேன். நர்சரியில் எங்கே வைத்தாலும் வரும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், ஆனால் தண்டு ஒல்லியாக நீண்டு வெளிச்சத்தைத் தேடிச் சாய்கிறதே தவிர மொட்டே வைக்கவில்லை. யூடியூபில் நிழல் தோட்டம் என்று தேடினால் ஹோஸ்டா, அஸ்டில்பி என்று காட்டுகிறார்கள். அம்மாவுக்குக் காலையில் சாமி படத்துக்கு வைக்க நாலு பூ பறிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. மூன்று மாதத்தில் பூத்து முடிந்துபோகிற செடி வேண்டாம், நிலைத்து நிற்கிறதாகச் சொல்லுங்கள்.

கொல்லைப்புறம்:
ஹோஸ்டா, அஸ்டில்பி இரண்டையும் விட்டுவிடுங்கள். குளிர்காலத்தில் நன்றாகக் குளிர்ந்து உறங்கி எழுந்தால்தான் அவை தழைக்கும், அந்தக் குளிர் சென்னையில் கிடையாது.

செடி வாங்குவதற்கு முன்னால் ஒன்று கவனியுங்கள். வடக்குப் பக்கம் என்றால் வருஷம் முழுக்க நிழல் என்று நினைக்கிறோம், நம் ஊரில் அப்படி இல்லை. சென்னை 13 டிகிரி வடக்கில் இருப்பதால் ஏப்ரல் கடைசியில் மத்தியானச் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் வந்து, அப்புறம் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை வடக்கே சாய்ந்துதான் நிற்கும். அதாவது சரியாகக் கத்திரி வெயிலில் உங்கள் நாலடிச் சந்துக்கு நேர் வெயில் இறங்கும். டிசம்பரில் நேர்மாறு, பத்தடிச் சுவருக்கு மத்தியானமே ஏழடிக்கு மேல் நிழல் விழும், நாலடியும் அதற்குள் அடங்கிவிடும். ஜனவரியில் நிழலைப் பார்த்து பீஸ் லில்லி வைத்து, மே மாதம் இலையெல்லாம் கருகி நான் அழாத குறை. அதனால் அந்தச் சந்துக்கு இரண்டையும் தாங்குகிற செடிதான் வேண்டும். மாமரத்தடி வேறு கதை, அங்கே வருஷம் முழுக்க ஒரே நிழல்.

செங்கல்பட்டு அக்கா:
சந்துக்குக் கனகாம்பரம் வையுங்கள், யோசிக்கவே வேண்டாம். நம் மண்ணின் செடி, அரை நிழலில் நன்றாகப் பூக்கும், கத்திரியில் கொஞ்சம் தண்ணீர் காட்டினால் போதும். டெல்லி கனகாம்பரம் என்று விற்பது பூ பெரிதாக இருக்கும், ஆனால் விதை பிடிக்காது, குச்சி வைத்துத்தான் பெருக்க வேண்டும். பழைய நாட்டு வகை என்றால் காய்ந்த காயில் தண்ணீர் பட்டதும் படபடவென்று வெடித்து விதை தானே சிதறி, அடுத்த மழைக்குப் பக்கத்திலேயே கன்று முளைத்திருக்கும். வேரில் நூற்புழு வந்தால் செடி வெளிறிப்போய் நின்றுவிடும், நடும்போதே குழிக்கு ஒரு கை வேப்பம் புண்ணாக்கு போட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும், பாத்தியை அரை அடி உயர்த்திக் கட்டுவது முக்கியம்.

கூடவே டிசம்பர் பூ. வயலட், வெள்ளை, ரோஸ் எல்லாம் கிடைக்கும். வாசனை இல்லை, ஆனால் கார்த்திகை மார்கழியில் மற்ற செடியெல்லாம் சோம்பி நிற்கும்போது இது புதர் முழுக்கப் பூத்து நிற்கும். பூ முடிந்ததும் மாசியில் பாதிக்கு வெட்டிவிடுங்கள். சந்தின் கோடியில் ஒரு அடுக்கு நந்தியாவட்டை வைத்தால் சாமிக்குப் பூ பஞ்சமே வராது. இருட்டான மூலையில் வெள்ளைப் பூதான் கண்ணுக்குத் தெரியும், சிவப்பு அங்கே அமுங்கிப் போகும்.

தாம்பரம்வாசி:
ரொம்ப நன்றி அக்கா. கனகாம்பரம் வெயில் செடி என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். மாமரத்தடியில் ஆந்தூரியம் வைக்கட்டுமா? கல்யாண சௌகந்திகமும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இன்னொன்று, வீட்டில் ஒன்றரை வயசுக் குழந்தை இருக்கிறது.

கொல்லைப்புறம்:
ஆந்தூரியத்துக்குக் காற்றில் ஈரம் குறையாமல் இருக்க வேண்டும், கன்னியாகுமரிப் பக்கம் அழகாக வரும், நம் மே மாதக் காற்றில் இலை ஓரம் காய்ந்துகொண்டே இருக்கும். சௌகந்திகத்துக்கு மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். மாமரத்துக்கோ பூவெடுக்கிறதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதம் தண்ணீர் குறைவாக இருந்தால்தான் நல்லது, இல்லாவிட்டால் பூவுக்குப் பதில் தளிர் விடும். மழையை நாம் நிறுத்த முடியாது, ஆனால் ஹோஸ் பிடித்து ஊற்றுவதை நிறுத்தலாம். அதனால் சௌகந்திகத்தைத் துணி துவைக்கிற கல் பக்கம், தண்ணீர் ஓடுகிற இடத்தில் வையுங்கள். சாயங்காலம் அந்த வாசனை வீட்டுக்குள்ளேயே வரும்.

மரத்தடிக்கு என் தேர்வு ஃபுட்பால் லில்லி. குளிர்காலம் முழுக்கக் கிழங்கு மண்ணுக்குள் தூங்கும், தண்ணீரே கேட்காது, மாமரத்துக்கு எது தேவையோ அதுவே இதற்கும் தேவை. கோடை மழை ஒன்று பெய்ததும் இலைக்கு முன்னாலேயே சிவப்புப் பந்து எழும்பி நிற்கும். வருஷத்துக்கு ஒரு தரம், ஒன்றிரண்டு வாரம்தான், ஆனால் அதற்காக நான் காத்திருப்பேன். மரத்தின் விளிம்பில், கொஞ்சம் வெளிச்சம் படுகிற இடத்தில் ஸ்பைடர் லில்லி வைக்கலாம்.

நடும்போது மாமரத்தின் தடித்த வேரை வெட்டாதீர்கள், வேருக்கு நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் குழி எடுத்தால் போதும். அடிமரத்தைச் சுற்றி மண்ணைக் குவிக்கவும் வேண்டாம், பட்டை அழுகும். உதிர்கிற சருகைக் கூட்டாமல் அப்படியே விடுங்கள்.

குழந்தை இருப்பதால் ஒன்று, இந்த லில்லிக் கிழங்குகள் விஷம். பீஸ் லில்லி இலையைக் கடித்தாலும் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். குழந்தைக்கு விவரம் தெரிகிற வரை மரத்தடியில் லில்லி வேண்டாம், சருகோடு இருக்கட்டும். சுவரோரச் சந்தில் மட்டும் இப்போது ஆரம்பியுங்கள்.

தாம்பரம்வாசி:
சரி, லில்லி இரண்டு வருஷம் கழித்து. இந்த வாரமே பாத்தி கட்டிவிடுகிறேன். அக்கா, நாட்டுக் கனகாம்பர விதை உங்களிடம் இருக்குமா?

செங்கல்பட்டு அக்கா:
இருக்கிறது. தனிச்செய்தியில் முகவரி அனுப்புங்கள், காய் காயட்டும், இரண்டு வாரத்தில் தபாலில் போடுகிறேன்.