மேக், விண்டோஸ், லினக்ஸ் மூன்றும் ஒரே அலுவலகத்தில்: கோப்புப் பகிர்வில் நீங்கள் பட்டதைச் சொல்லுங்கள்

சிவகாசி, அச்சகம்:

எங்கள் அச்சகத்தில் டிசைன் செய்ய மேக், பில்லுக்கும் டேலிக்கும் விண்டோஸ், நடுவில் உபுண்டு லினக்ஸ் போட்ட ஒரு சர்வர். சர்வரில் சாம்பா ஓடுகிறது. விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்குப் பயன்படுத்தும் எஸ்எம்பி என்ற முறையில் லினக்ஸ் ஃபோல்டரை மற்றக் கணினிகளுக்குத் திறந்துவிடும் மென்பொருள் அது. ஆப்பிளும் 2013இல் மாவரிக்ஸ் பதிப்போடு தன் பழைய பகிர்வு முறையான ஏஎஃப்பியை ஒதுக்கி எஸ்எம்பிக்கு முதலிடம் கொடுத்துவிட்டதால், மூன்று வகைக் கணினியும் ஒரே ஃபோல்டரைத் திறப்பது இப்போது பெரிய காரியமில்லை.

சிக்கல் வந்தது தமிழ்ப் பெயர்களில். பழைய மேக் டிஸ்கில் இருந்த வேலைகளை எல்லாம் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் சர்வருக்கு ஏற்றினோம். அப்புறம் விண்டோஸிலிருந்து ஒருவர், வாடிக்கையாளர் சொன்ன திருத்தத்தைச் செய்து 'பொங்கல் அட்டை' என்று அதே பெயரில் சேமித்தார். பழைய கோப்பு மாறியிருக்க வேண்டும். மாறவில்லை, அதன் பக்கத்திலேயே இன்னொரு 'பொங்கல் அட்டை' வந்து நின்றது. எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர். பிளேட் போடுகிறவர் திருத்தாததை எடுத்துவிட்டால் அச்சடித்த காகிதம் முழுக்க வீண்.

காரணம் இதுதான். யூனிகோடில் 'பொ'வின் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டு குறியீடாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க் பெயர்களைப் பிரித்தே வைத்துக்கொள்ளும். விண்டோஸில் தட்டினால் பெரும்பாலும் சேர்ந்தே வரும். லினக்ஸ் பைட்டுகளை மட்டும் ஒப்பிடுவதால் அதற்கு இரண்டும் வேறு வேறு பெயர்கள். ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய்களிலும் 'ஔ' என்ற எழுத்திலும்தான் இந்தப் பிளவு. அதனால்தான் எங்களிடம் 'கோவில்' இரட்டித்தது, 'திருமணம்' இரட்டிக்கவில்லை.

முதலில் இரட்டைகளைத் தேடிப் பிடித்து, டிசைனர்களைக் கேட்டு, எது சரியானதோ அதை மட்டும் வைத்துக்கொண்டோம். மீதிப் பெயர்களைக் கன்வ்எம்வி என்ற கருவி சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிக் கொடுத்தது. அது முதலில் ஒத்திகை மட்டும் காட்டும். நாம் தனியாகச் சொன்னால்தான் நிஜமாக மாற்றும். தமிழில் பெயர் வைக்கிற எந்த அலுவலகமும் டேட்டாவை இடம் மாற்றும் முன் இதைப் பார்த்துவிட வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

திருச்சி, ஆடிட்டர் அலுவலகம்:

எங்களுக்கு ஸ்கேனர். ஜெராக்ஸ் மெஷினில் ஸ்கேன் செய்தால் நேராக ஷேர் ஃபோல்டருக்கு வந்து விழும். கணினியை மாற்றி விண்டோஸை புதிதாகப் போட்டதும் அது நின்றுபோனது. மெஷினுக்குத் தெரிந்தது எஸ்எம்பியின் முதல் பதிப்பு மட்டும்தான். 2017 கடைசியில் வந்த விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது அது சேர்ந்து வருவதில்லை. சாம்பாவும் 2019இல் 4.11 பதிப்பில் அதை அணைத்துவிட்டது.

சர்வீஸுக்கு வந்தவர், "அதைத் திரும்ப ஆன் பண்ணிடலாம் சார், ரெண்டு நிமிஷம்" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீம்பொருள் பிரிட்டனின் மருத்துவமனைகளை முடக்கியது இந்த முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்துவிட்டது, போடாதவர்கள் மாட்டினார்கள். எங்களிடம் இருப்பது கட்சிக்காரர்களின் பான் எண், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம். ஸ்கேனை மின்னஞ்சலுக்கு அனுப்பும் வசதி அந்த மெஷினில் இருந்தது, அதற்கே மாறிவிட்டோம். கொஞ்சம் மெதுவுதான், பரவாயில்லை.

கோவை, பொறியியல் வரைபட நிறுவனம்:

எங்கள் தொல்லை அனுமதிகள். ஒருவர் போட்ட கோப்பை அடுத்தவரால் திறக்க முடியும், திருத்த முடியாது. கடுப்பில் யாரோ எல்லாக் கோப்புக்கும் 777, அதாவது யாரும் எதையும் செய்யலாம் என்ற அனுமதி, கொடுத்துவிட்டார்கள். அது தீர்வே அல்ல. எல்லோரையும் ஒரே குழுவில் சேர்த்து, ஃபோல்டருக்கு 2775 (குழுவினர் எழுதலாம், உள்ளே வரும் கோப்பும் அதே குழுவுக்குச் சேரும்) கொடுத்து, புதிய கோப்பு 0664 (போட்டவரும் குழுவினரும் திருத்தலாம், மற்றவர்கள் படிக்க மட்டும்) என்று பிறக்கும்படி சாம்பாவில் எழுதிய பிறகுதான் சண்டை ஓய்ந்தது.

இன்னொன்று. கடவுச்சொல் இல்லாத கெஸ்ட் ஷேர் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். விண்டோஸ் 11 புரோவில் 24ஹெச்2 பதிப்பு வந்ததும் எங்கள் கெஸ்ட் ஷேர் திறக்கவே இல்லை. ஆளுக்கொரு பயனர் பெயர் கொடுத்துவிட்டோம். யார் எதை மாற்றினார்கள் என்பதும் இப்போது தெரிகிறது.

சிவகாசி, அச்சகம்:

கோவைக்காரருக்கு நன்றி, இந்த 2775 எங்களுக்கும் தேவைப்படும். மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல விட்டுப்போனது: மேக்கில் பெயருக்குள் சாய்கோடு போட முடியும், விண்டோஸில் முடியாது. எங்கள் டிசைனர்கள் தேதியை 12/8 என்று எழுதிவிடுவார்கள். பில் பிரிவில் அந்த இடத்தில் வெறும் கட்டம் தெரியும். இப்போது வேலை எண்ணை முதலில் போட்டு, தேதியைச் சிறு கோட்டால் பிரித்து எழுதுகிறோம்.