மறு: 'கேஷ் ஆன் டெலிவரி'க்கு என்ன சொல்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பொருள் கைக்கு வரும்போது பணம் கொடுக்கும் 'கேஷ் ஆன் டெலிவரி'க்குத் தமிழில் ஒரு சொல்தான் தம்பி கேட்டார், நாலு நாளாக மடல் ஓயவில்லை. வளரும் நாடுகளில் மக்களை இணையத்தில் வாங்க வைப்பது எது என்று அவர் ஆராய்கிறார். களக்காடு, அம்பாசமுத்திரம் பக்கத்து ஊர்களில் வீடுவீடாகக் கொடுக்கப்போகும் வினாத்தாளில் 'கேஷ் ஆன் டெலிவரி' வருகிற இடத்தில் என்ன எழுதுவது? வந்த சொற்களை ஒருமுறை உரசிப் பார்க்கிறேன்.

'ஒப்படைப்பு ரொக்கம்' பார்வைக்கு நன்றாக இருக்கிறது. 'இன்று ரொக்கம் நாளை கடன்' பலகையைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம். ஆனால் 2016-ல் யுபிஐ வந்ததற்கு அப்புறம் பார்சல் கொண்டுவருகிற பையனே செல்லை நீட்டி ஸ்கேன் பண்ணச் சொல்கிறான். நோட்டே கைமாறாதபோது ரொக்கம் எங்கே வந்தது? 'வாசல் பணம்' எனக்கும் பிடித்தது. எங்கள் சித்தி ஊரில் பார்சல் வாசலுக்கு வருவதில்லை, அதுதான் சிக்கல். பையன் பஸ் ஸ்டாப் வேப்பமரத்தடியில் பைக்கை நிறுத்திக்கொண்டு ஒவ்வொருவராகப் போன் போடுவான். நாம்தான் போய் வாங்கிவர வேண்டும்.

'வாங்கிக்கட்டல்' என்று எழுதிய நண்பர் நெல்லைப் பக்கம் வந்ததில்லை போலிருக்கிறது. பொருளை வாங்கிக்கொண்டு பணத்தைக் கட்டுவது என்ற கணக்கு சரிதான். ஆனால் "நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டான்" என்றால் இங்கே அடியோ ஏச்சோ கிடைத்தது என்று அர்த்தம். செல்போன் கேட்டுச் சோப்புக்கட்டி வந்தவர்களுக்கு வேண்டுமானால் பொருந்தும். அதைத் திருத்தி அவரே கொடுத்த 'பெற்றுக்கட்டல்' இன்னும் மோசம். வீட்டில் வாசித்துக் காட்டினேன். "யாரைப் பெத்து யாருக்குக் கட்டிக்கொடுத்தாவளாம்?" என்று கேட்டுவிட்டு என் மனைவி தோசை திருப்பப் போய்விட்டாள்.

'பின்பணம்' நேற்றுவரை என் ஓட்டைப் பெற்றிருந்தது. முன்பணம் இருக்கிறதே, பின்பணம் இருந்தால் என்ன? சித்தியிடம் சொன்னதும் அவள் முகம் மாறியது. "பின் நம்பரை யாருட்டயும் சொல்லக்கூடாதுன்னு பேங்க்ல சொல்லிருக்காவ" என்றாள். பணம் கட்டும் இடத்தில் 'பின்' என்று எழுதி வைப்பது ஏமாற்றுக்காரனுக்கு நாமே திண்ணை போட்டுக் கொடுத்த மாதிரி. விட்டுவிட்டேன்.

சொல்லைத் தேடுமுன் இந்த முறை ஏன் எடுபட்டது என்று பார்க்க வேண்டும். இது இணையத்தோடு வந்த புதுமை இல்லை. இந்திய அஞ்சல்துறை 1877-லேயே வி.பி.பி. (வேல்யூ பேயபிள் போஸ்ட்) என்ற முறையைத் தொடங்கிவிட்டது. தபால்காரரிடம் பணம் கொடுத்தால்தான் பொட்டலம் கைக்கு வரும். 2010-ல் ஃபிளிப்கார்ட் அதே ஏற்பாட்டைப் புதுப்பெயரில் கொண்டுவந்தது. கார்டு இல்லாதவரும் வாங்க முடிந்தது, கார்டு இருந்தும் அதன் எண்ணைக் கொடுக்கப் பயந்தவரும் வாங்கினார். நைஜீரியாவில் 2012-ல் தொடங்கிய ஜுமியா என்ற இணையக் கடையும் பொருளைக் கொடுத்துப் பணம் வாங்கும் வழியில் போனது. சீனாவில் 2004-ல் வந்த அலிபே என்ற பணம் கட்டும் சேவை வேறு வழி பிடித்தது: வாங்குகிறவர் பணத்தை முதலிலேயே கட்டுவார், பொருள் வந்துவிட்டது என்று அவர் சொல்லும்வரை அது நடுவில் நிற்கும். எல்லா இடத்திலும் கேள்வி ஒன்றுதான். முகம் தெரியாத கடைக்காரனிடம் யார் முதலில் கையை நீட்டுவது?

1960-லேயே ரேமண்ட் பௌவர் என்ற அமெரிக்க ஆய்வாளர், பொருள் வாங்குவதே ஓர் இடரைத் தலையில் ஏற்றுக்கொள்வதுதான் என்று எழுதிவிட்டார். மலிவு விலை, தள்ளுபடி, டவுனுக்குப் பஸ் ஏறும் அலைச்சல் மிச்சம் என்று தம்பி போட்டிருக்கும் காரணங்கள் எல்லாம் உண்மைதான். ஆனால் இந்த ஓர் இடரை எடுத்து மறுபக்கம் வைத்தால்தான் மற்றவை வேலை செய்யும்.

போன மாதம் அந்த வேப்பமரத்தடியில் சித்தியோடு நின்றேன். குக்கர் காஸ்கெட் ஒன்று கேட்டிருந்தாள். முந்தானை முடிச்சில் மடித்த நோட்டுகள். பக்கத்து வீட்டு அக்கா, "கடையைப் பார்க்காம எப்படித்தான் வாங்குதியளோ" என்றாள். சித்தி அலட்டிக்கொள்ளவில்லை. "வந்தாத் துட்டு. வரலன்னா நமக்கென்ன?"

அதுதான் சொல். வந்தால் பணம்.

இதில் ரொக்கமும் இல்லை, வாசலும் இல்லை. 'கண்டபின் பணம்' என்று ஒருவர் சொன்ன சிக்கலும் இல்லை. பெரும்பாலும் பெட்டியைப் பிரிக்குமுன் பணம் கொடுக்கிறோம், உள்ளே இருப்பதை எங்கே கண்டோம்? வாங்குகிறவர் போடும் நிபந்தனை மட்டும் இதில் இருக்கிறது. 'ஆல்' விகுதி வைத்துப் பெயர்ச்சொல் உண்டா என்று இலக்கண நண்பர்கள் வருமுன் சொல்லிவிடுகிறேன்: தொட்டாற்சுருங்கி. அந்த வழியில் ஏட்டுக்கு 'வந்தாற்பணம்', வினாத்தாளுக்கு 'வந்தால் பணம்'. "வந்தால் பணத்தில்தான் வாங்குவேன்" என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு தடுக்கவில்லை.

பாளையங்கோட்டையிலிருந்து,
உங்களில் ஒருவன்

—

அண்ணாச்சி, சொல் பிரமாதம். ஆனால் வாங்குகிறவர் பக்கம் நின்றே பேசியிருக்கிறீர்கள். நான் உடன்குடியிலிருந்து கருப்பட்டி அனுப்புகிறவன். ஓலைப்பெட்டியில் வைத்துக் கட்டி, அனுப்பும் செலவையும் நானே போட்டால், அங்கே ஒருவர் "இப்ப வேண்டாம்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார். ஐப்பசி மழையில் பத்து நாள் சுற்றித் திரும்பிவந்த பெட்டியைத் திறந்தால் கருப்பட்டி கசிந்து ஓலையோடு ஒட்டிக் கிடக்கிறது. இடர் மாயமாகிவிடவில்லை, என் தலைக்கு மாறியிருக்கிறது. அதனால் இப்போது பணம் வந்தால்தான் கருப்பட்டி. வினாத்தாளில் என்னைப் போன்றவர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கச் சொல்லுங்கள்.

—

நியாயம் தம்பி. வாங்குகிறவரின் பயத்தை எடுத்து விற்கிறவர் மடியில் கட்டியதை நான் எழுதாமல் விட்டது தப்புதான். ஆய்வுத் தம்பி கவனிக்கவும், விற்பவருக்குத் தனித்தாள் வேண்டும்.

அப்படித் திரும்பிவரும் பார்சலுக்கும் ஒரு சொல் வேண்டியிருக்கிறது. 'வராப்பணம்' என்று வைக்கலாமா? இல்லை, அது வராக்கடனோடு குழம்புமா? வங்கியில் இருக்கும் நண்பர்கள் சொல்லட்டும்.