ஞானதிருஷ்டி உளவு சோதனையில் தேறியதா?

இளவெயில்:
தொலைவிலுள்ள இடத்தை இருந்த இடத்திலிருந்தே மனக்கண்ணால் காண்பதாகச் சொன்னவர்களை வைத்து, 1970-களின் தொடக்கத்திலிருந்து 1995 வரை, ஏறத்தாழ 2 கோடி டாலர் செலவில் அமெரிக்க உளவுத்துறைகள் நடத்திய திட்டத்தை (கடைசியாக அதற்கு ஸ்டார்கேட் என்று பெயர்) பித்தலாட்டம் என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது நியாயமன்று. 1995-இல் அதை மதிப்பிட்ட இருவரில் ஒருவரான புள்ளியியல் பேராசிரியர் ஜெசிக்கா அட்ஸ், ஆய்வக முடிவுகளைத் தற்செயல் என்று தள்ள முடியாது என்றே எழுதினார்.

உரைகல்:
மற்றவரான உளவியலாளர் ரே ஹைமனை வசதியாக மறந்துவிட்டீர்கள். ஞானதிருஷ்டிக்காரர் கிறுக்கிய படம் ஐந்து புகைப்படங்களில் எதனோடு ஒத்துப்போகிறது என்று தீர்ப்புச் சொன்னவர் ஆய்வை நடத்தியவரேதான். விடை அவருக்குத் தெரியாது என்றாலும், ஒரே நடுவரை நம்பி இவ்வளவு பெரிய முடிவுக்கு வரலாகாது என்பதே ஹைமனின் ஆட்சேபம். அதற்கு முந்தைய ஸ்டான்ஃபோர்டு ஆய்வுக் கழகச் சோதனைகள் இன்னும் மோசம். நடுவர்களிடம் கொடுத்த உரையாடல் பதிவுகளில் முந்தைய நாள் பார்த்த இடங்களைப் பற்றிய பேச்சு நீக்கப்படாமலே இருந்தது. உளவியலாளர்கள் டேவிட் மார்க்ஸும் ரிச்சர்ட் கம்மனும் அந்தத் துப்புகளைக் கொண்டே, எந்தப் பதிவு எந்த இடத்துக்கு உரியது என்று பொருத்திக் காட்டினர். இதற்குத் திருஷ்டி எதற்கு?

இளவெயில்:
அந்தக் குறைகள் பின்னர் களையப்பட்டதையும் சொல்லுங்கள். 1974-இல் ஞானதிருஷ்டிக்காரர் பாட் பிரைஸ், சோவியத் யூனியனின் செமிபலாட்டின்ஸ்க் ஆயுத ஆய்வுத் தளத்திலிருந்த ராட்சதக் கிரேனை வரைந்தாரே, அதற்கும் துப்புத்தான் காரணமா?

உரைகல்:
கிரேனை மட்டும் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார்கள்; அங்கே இல்லாத பலவற்றையும் அவர் அதே அமர்வில் வர்ணித்திருந்தார். எது சரி, எது தவறு என்பது செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்ட பிறகுதான் தெரிந்தது. படம் கையில் இருக்கும்போது பிரைஸ் எதற்கு? 1981 டிசம்பரில் இத்தாலியின் வெரோனாவில் அமெரிக்க ஜெனரல் ஜேம்ஸ் டோசியர் கடத்தப்பட்டபோது, ஞானதிருஷ்டிக்காரர்கள் சொன்ன தகவல்கள் வந்து குவிந்தன. நாற்பத்திரண்டு நாள் கழித்துப் படுவாவில் அவரை மீட்க உதவியது, பிடிபட்ட ஒருவரிடமிருந்து காவல்துறை கறந்த தகவல்.

இளவெயில்:
டோசியர் விஷயத்தில் தோற்றதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உளவுக்குப் பயன்படவில்லை என்பது வேறு, அப்படியொரு திறனே இல்லை என்பது வேறு.

உரைகல்:
ஞானதிருஷ்டிக்காரர்கள் தாங்கள் சொல்லும் பத்து வாக்கியத்தில் எந்த இரண்டு உண்மை என்பதை, ஒப்பிடுவதற்கு முன்பே எழுதி, உறையிலிட்டு, ஆய்வோடு தொடர்பில்லாத மூன்றாவது ஆளிடம் கொடுக்கட்டும். உறையைப் பிரித்த பிறகு அந்த வேறுபாட்டைப் பேசலாம்.