வீடு விற்ற பணத்தை லண்டனில் எந்தக் கணக்கில் போடுவது?

தம்பி, வட்டியை அப்புறம் பார்க்கலாம். ஊர் வீட்டை விற்று வந்த 1,80,000 பவுண்டும் சம்பளம் விழுகிற கணக்கிலேயே கிடக்கிறது என்கிறீர்கள். முதலில் அதைக் கவனியுங்கள்.

இங்கே வங்கி திவாலானால் எஃப்.எஸ்.சி.எஸ். என்ற காப்புத் திட்டம் ஆளுக்கு 1,20,000 பவுண்ட் வரை திருப்பித் தரும். 2025 டிசம்பர் 1க்கு முன் இது 85,000 தான். பழைய வீடியோக்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். நம் ஊர் வங்கிகளுக்கு 5 லட்சம் ரூபாய் என்று இருக்கிறதே, அதே மாதிரிதான். ஆக உங்கள் பணத்தில் 60,000 பவுண்ட் இந்த வரம்புக்கு மேலே நிற்கிறது. மனைவியோடு கூட்டுக் கணக்கு என்றால் இருவருக்கும் சேர்த்து 2,40,000 வரை காப்பு உண்டு.

பலரும் வழுக்குகிற இடம் ஒன்று இருக்கிறது. வரம்பு கணக்குக்கு இல்லை, வங்கியின் உரிமத்துக்கு. எச்.எஸ்.பி.சி.யும் ஃபர்ஸ்ட் டைரக்ட்டும் ஒரே உரிமம். ஹாலிஃபாக்ஸும் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தும் அப்படியே. ஆனால் லாய்ட்ஸ், அதே குழுமம் என்றாலும், தனி உரிமம். நானும் பணத்தைப் பிரித்துவிட்டேன் என்ற மிதப்பில் இரண்டு ஆப்களில் போட்டு வைத்திருந்தேன். ஒருநாள் பொடி எழுத்தைப் படித்தால், இரண்டிலும் அடியில் ஒரே நிறுவனத்தின் பெயர்! தினசரி வரம்பு இருந்ததால் ஒன்றைக் காலி செய்து மாற்றவே நான்கு நாள் பிடித்தது. நீங்கள் எஃப்.எஸ்.சி.எஸ். தளத்தில் வங்கிப் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டே கணக்கு திறங்கள்.

ஊரிலிருந்து பணம் கொண்டுவர உதவிய ஆப்பில் மிச்சம் ஏதும் இருந்தால் எடுத்துவிடுங்கள். வங்கி உரிமம் இல்லாத ஆப் என்றால், வாடிக்கையாளர் பணத்தைத் தனியே ஒதுக்கி வைப்பார்கள். ஆனால் அந்த நிறுவனம் மூழ்கினால் இந்தக் காப்பு வராது. சீட்டுக்கும் கூப்பிடுவார்கள், தெரிந்தவர்தானே என்பார்கள். டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஒரு வருடத்தில் வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் முழுத் தொகையையும் நிலை வைப்பில் பூட்டாதீர்கள். நம் ஊர் எஃப்.டி. மாதிரி கொஞ்சம் வட்டியை விட்டுக்கொடுத்து நடுவில் உடைக்கலாம் என்று நினைத்தால், பெரும்பாலும் இங்கே நடக்காது. எப்போது வேண்டுமானாலும் எடுக்கிற கணக்கே நல்லது. ஆனால் பளிச்சென்று தெரிகிற வட்டியில் 12 மாத போனஸ் எவ்வளவு என்று பாருங்கள், அது முடிந்ததும் சரிந்துவிடும்.

ஒரு பவுண்டுக்கும் கவலைப்படக் கூடாது என்றால் என்.எஸ். அண்ட் ஐ. இருக்கிறது. அரசே நடத்துவது, முழுத் தொகைக்கும் அரசு பொறுப்பு. அதன் பிரீமியம் பாண்டில் ஆளுக்கு 50,000 வரை போடலாம். வட்டி கிடையாது, மாதக் குலுக்கல் பரிசுதான். பரிசுக்கு வரி இல்லை. அசல் எங்கும் போகாது என்பதால் லாட்டரி என்று ஒதுக்க வேண்டாம்.

வரி: 4 சதவீதம் என்று வைத்தால் உங்கள் தொகைக்கு வருட வட்டி 7,200 பவுண்ட். அடிப்படை வரி கட்டுபவருக்கு அதில் 1,000, 40 சதவீத வரம்பில் இருப்பவருக்கு 500 மட்டுமே விலக்கு. அதனால் வட்டிக்கு வரியே இல்லாத ஐசா என்ற சேமிப்புக் கணக்கில் இந்த ஆண்டுக்கான 20,000ஐ முதலில் நிரப்புங்கள்.

மனைவி இன்னும் சென்னையில்தானா? அப்படியானால் அவர் வந்து முகவரிச் சான்று கிடைக்கும்வரை கூட்டுக் கணக்கு இழுத்தடிக்கும். அதுவரை காத்திருக்காமல் அந்த 60,000ஐ இந்த வாரமே வேறு உரிமத்துக்கு மாற்றிவிடுங்கள்.