அந்தமானில் ஐந்து இரவு: எந்தத் தீவை விடலாம்?

பொன்மலை:
பிப்ரவரியில் அம்மாவையும் (66 வயது) பத்து வயதுப் பையனையும் கூட்டிக்கொண்டு அந்தமான் போகிறேன். டிராவல்ஸ்காரர் போட்டுக் கொடுத்ததில் போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல், பாராடாங் எல்லாம் இருக்கிறது, தினமும் பெட்டி கட்ட வேண்டியிருக்கும் போல. அம்மாவோ கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தால் போதும் என்கிறார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள், எதை விடலாம்?

கடற்காகம்:
முதலில் பாராடாங்கை எடுத்துவிடுங்கள். விடிவதற்கு முன்பே கிளம்பி, ஜாரவா பழங்குடி மக்களின் காட்டுக்குள்ளே போகும் சாலையில் வரிசையாக வண்டிகள் போகும், அவர்களைப் படம் எடுப்பது குற்றம் என்று தெரிந்தும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கவென்றே வருபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது மனதுக்கு ஒப்பவே இல்லை. அந்த நாளையும் ஹேவ்லாக்குக்கே கொடுங்கள். 2018இல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றினாலும் ஆட்டோக்காரர் முதல் எல்லாரும் ஹேவ்லாக் என்றுதான் சொல்கிறார்கள்.

ஒன்று மனதில் வையுங்கள்: கடிகாரம் நம்முடையதுதான், ஆனால் தீவு சென்னைக்கு வெகு கிழக்கே இருப்பதால் பிப்ரவரியில் மாலை ஐந்தரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். ராதாநகர் கடற்கரை மேற்குப் பக்கம், நான்கு மணிக்கே போய் மரத்தடியில் அம்மாவுக்கு இடம் பிடித்துவிடுங்கள். காலையில் கிழக்கே காலாபத்தர் கடற்கரை.

சிப்பி:
நீலை விடாதீங்க அக்கா! சின்னத் தீவு, நெரிசல் குறைவு, வயலும் தென்னையுமாக ஊர் மாதிரியே இருக்கும். பையனுக்கு அங்கேதான் கொண்டாட்டம். நீர் வற்றும் நேரம் பார்த்து இயற்கைப் பாலம் என்கிற பாறை வளைவுப் பக்கம் போங்கள், பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீரில் விரல் நீள மீன்களும் கறுப்பாகக் கடல் அட்டையும் கிடக்கும். மணலில் குட்டி நண்டுகள் மிளகு மிளகாக உருண்டை உருட்டிப் பரப்பியிருந்ததை நான் முக்கால் மணி நேரம் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், அடுத்த அலை வந்து அழித்ததும் திரும்ப ஆரம்பிக்கின்றன. வற்றும் நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும், தங்குமிடத்தில் கேட்டால் சொல்வார்கள். பாறை வழுக்கும், அம்மா இறங்க வேண்டாம். பவளத் துண்டு, செத்ததாக இருந்தாலும், பையில் போட்டுக்கொள்ளக் கூடாது என்று பையனுக்கு இப்போதே சொல்லிவையுங்கள்.

கடற்காகம்:
சிப்பி சொல்வது சரி, நீலில் ஒரு இரவு போதும். அப்புறம், கடைசி இரவு கட்டாயம் போர்ட் பிளேரில் இருக்கட்டும். கடல் சரியில்லை என்றால் படகை நிறுத்திவிடுவார்கள், விமானம் காத்திருக்காது.

பொன்மலை:
ரொம்ப நன்றி. ஹேவ்லாக் 3, நீல் 1, போர்ட் பிளேர் 1 என்று மாற்றச் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு பஸ்ஸிலேயே குமட்டும், படகில் எங்கே உட்கார வைப்பது?

சிப்பி:
கீழ்த்தளத்தில், நடுவிலிருந்து சற்றுப் பின்பக்கமாக. ஆட்டம் குறைவு. முன் வரிசை வேண்டவே வேண்டாம். ஏறுவதற்கு முன் இட்லி மாதிரி லேசாகச் சாப்பிடட்டும், வெறும் வயிறும் ஆகாது.